நீல அட்டை கத்தரிப்பூ கலர்ல வந்துருச்சு, சிஎம்ஒய்கே மாத்திதான் அனுப்பினேன், எங்க தப்பு?

அட்டைப்பட_அப்பாவி

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம், யாராவது பாத்து சொல்லுங்க.

அப்பா ரிட்டையர் ஆனப்புறம் எழுதின சிறுகதைகளை புத்தகமா போடுறோம், சொந்த செலவுல, 300 காப்பி. டெமி சைஸ், 160 பக்கம். உள்பக்கம் எல்லாம் ஒருத்தர் பாத்துகிட்டாரு, அட்டை மட்டும் நானே போட்டோஷாப்ல பண்றேன்னு வாயைக் குடுத்துட்டேன். முன்னட்டை முழுக்க நல்ல பளிச்னு ராயல் ப்ளூ, அதுல கறுப்பா ஒரு பனைமரம், வெள்ளையில தலைப்பு. பின்னட்டை முழுக்க கறுப்பு, அதுல வெள்ளை எழுத்துல ஒரு பத்தி, மூலையில அப்பாவோட பிளாக் அண்ட் ஒயிட் போட்டோ. அவ்வளவுதான் டிசைன்.

ஸ்கிரீனோட சிவப்பு பச்சை நீல விளக்குக் கணக்கான ஆர்ஜிபில குடுக்கக் கூடாதுன்னு தெரியும், அதனால கடைசியா மோட்ல போய் சிஎம்ஒய்கேன்னு (சியான்ங்கற ஆகாய நீலம், மஜெந்தாங்கற ரோஸ், மஞ்சள், கறுப்புன்னு நாலு அச்சு மைக் கணக்கு) மாத்தி, 300 டிபிஐ (இன்ச்சுக்கு 300 புள்ளி), லேயரெல்லாம் ஒண்ணாக்கி ஃப்ளாட்டன் பண்ணி பிடிஎஃப் குடுத்தேன். குடுக்கறதுக்கு முன்னாடி பக்கத்துல ஒரு ஜெராக்ஸ் கடையில டிஜிட்டல் பிரிண்ட் வேற எடுத்துப் பாத்தேன், சூப்பரா நீலமாத்தான் இருந்துச்சு.

இப்ப ஆஃப்செட்ல (மைக்கு ஒரு பிளேட்டு போட்டு அடிக்கற பெரிய மெஷின்) ஓட்டி வந்திருக்கு, 350 ஷீட்டு. நீலம் போய் கத்தரிப்பூ கலர்ல நிக்குது. அப்பா பாத்துட்டு "எதுக்குடா கத்தரிப்பூ போட்ட"ன்னு கேட்டுட்டு உள்ள போயிட்டாரு. பின்னட்டைல வெள்ளை எழுத்து படிக்கவே முடியல, ஓரமெல்லாம் கலர் கலரா நிழல் மாதிரி தெரியுது, ணு ஞி மாதிரி எழுத்துல சுழியெல்லாம் அடைஞ்சு போச்சு. சில ஷீட்ல பின்பக்கம் கறை வேற.

பிரஸ்ல கேட்டா "நீங்க குடுத்த ஃபைல்தான் சார் ஓட்டினோம்"ங்கறாங்க. நல்லவேளை பைண்டிங் போகல, அட்டை மட்டும் மறுபடி ஓட்டலாம். ஆனா எதை மாத்திக் குடுக்கறது?

கார்த்திகைமழை

ஆர்ஜிபில குடுத்திருப்பீங்க ப்ரோ. சிஎம்ஒய்கேல மாத்திக் குடுங்க சரியாயிடும்.

அட்டைப்பட_அப்பாவி

ப்ரோ தலைப்பையாவது படிங்க 🙏

பிக்ஸல்பூனை

300 டிபிஐ பத்தாது, 600 வைங்க, எழுத்து ஷார்ப்பா வரும். அப்பா போட்டோ வாட்ஸாப்ல வந்ததுன்னா அதையும் தூக்கிப் போட்டுட்டு ஒரிஜினல் வாங்குங்க, வாட்ஸாப் போட்டோ பிரிண்டுக்கு ஆகவே ஆகாது. மானிட்டர் காட்டற கலரைச் சரி பண்ணாம, அதாவது காலிபரேட் பண்ணாம, கலர் வேலையே பண்ணக் கூடாது, அதுக்குன்னு கருவி இருக்கு.

ஓய்வுபெற்ற_ஆஃப்செட்

தம்பி, நான் சிவகாசில ரொம்ப வருஷம் மெஷின்ல நின்ன ஆளு. ஆளாளுக்கு மருந்து சொல்றதுக்கு முன்னாடி நோய் என்னன்னு பாப்போம். ரெண்டு காரியம் பண்ணுங்க. ஒண்ணு, அந்தப் ஃபைலைத் திறந்து இன்ஃபோ பேனலை வெச்சுகிட்டு நீலத்து மேலயும் கறுப்பு மேலயும் கர்சரைக் கொண்டுபோய் ஒவ்வொரு மையும் எத்தனை சதவீதம்னு நாலு நம்பரும் எழுதுங்க. ரெண்டு, பூதக்கண்ணாடி ஒண்ணு வாங்கி (இல்லேன்னா போன் கேமராவை நல்லா ஜூம் பண்ணி) பின்னட்டை எழுத்தோட ஓரத்துல என்னென்ன கலர் தெரியுதுன்னு பாத்து சொல்லுங்க.

பூனைக்கு ஒரு வார்த்தை. அந்த போட்டோ அட்டைல எவ்வளவு அகலம்னு கேக்காம தூக்கிப் போடச் சொல்லக் கூடாதுப்பா.

அட்டைப்பட_அப்பாவி

பாத்துட்டேன் ஐயா.

நீலம்: சியான் 88, மஜெந்தா 77, எல்லோ 0, பிளாக் 0
கறுப்பு: சியான் 75, மஜெந்தா 68, எல்லோ 67, பிளாக் 90

எழுத்து ஓரத்துல ஒரு பக்கம் ரோஸ் கோடு, இன்னொரு பக்கம் லேசா நீலக்கோடு. போட்டோ அகலம் 4 செ.மீ, ஆமா வாட்ஸாப்ல வந்ததுதான், 1200 பிக்ஸல் அகலம் இருக்கு.

ஓய்வுபெற்ற_ஆஃப்செட்

நினைச்சேன். 75, 68, 67, 90. இந்த நம்பரை எத்தனை ஃபைல்ல பாத்திருப்பேன்னு கணக்கே இல்ல. போட்டோஷாப்ல கலர் செட்டிங்கைத் தொடாம விட்டா யு.எஸ். வெப் கோட்டட் ஸ்வாப்னு ஒரு ப்ரொஃபைல், ஸ்கிரீன் கலரை மையா மாத்தற கணக்கு, இருக்கும், ஸ்கிரீன்ல இருக்கற சுத்தக் கறுப்பை சிஎம்ஒய்கேன்னு மாத்தினா அது இந்த நம்பரைத்தான் கக்கும். அமெரிக்காவுல ரோல் பேப்பர்ல பத்திரிகை ஓட்டறதுக்கு வெச்ச கணக்கு அது. உங்க பிரஸ் ஓட்டறது ஷீட்டுல, வழவழன்னு இருக்கற ஆர்ட் போர்டு அட்டைல. நீலத்துக்கும் அதே கதைதான், ஸ்கிரீன்ல 0, 0, 255 வெச்சிருப்பீங்க, அது 88, 77 ஆயிருக்கு.

இப்ப கத்தரிப்பூ எப்படி வந்துச்சுன்னு பாருங்க. ஸ்கிரீன்ல நீலம்ங்கறது நீல விளக்கு, நேரா கண்ணுல அடிக்குது. நாலு கலர் அச்சுல நீல மைன்னு ஒண்ணு கிடையாது தம்பி, சியான், மஜெந்தா, எல்லோ, பிளாக் நாலே நாலு டப்பாதான். சியான் மேல மஜெந்தாவை ஏத்தித்தான் நீலம் காட்டணும். மஜெந்தா சியானுக்குப் பக்கத்துல வந்துட்டா அது நீலம் இல்ல, கத்தரிப்பூதான். சியானை விட மஜெந்தா ஒரு 30 பாயிண்டாவது குறைவா இருந்தாத்தான் நீலம் நீலமா நிக்கும். உங்களுக்கு வித்தியாசம் வெறும் 11. அதுக்கு மேல பேப்பர்ல புள்ளி எப்பவும் கொஞ்சம் பரவும், 77னு குடுத்தா தாள்ல இன்னும் கனமாத்தான் உக்காரும். மெஷின்மேன் மஜெந்தாவை ஒரு பொட்டு தூக்கி ஓட்டினா முடிஞ்சுது கதை. ஆக நீங்க சிஎம்ஒய்கேன்னு மாத்தினது உண்மை, ஆனா எவ்வளவு மைன்னு நீங்க முடிவு பண்ணல, சாஃப்ட்வேர் முடிவு பண்ணிச்சு.

கறுப்பைக் கூட்டிப் பாருங்க, சரியா 300 வரும். ஒரே இடத்துல நாலு மை, பின்னட்டை முழுக்க. பூச்சு போட்ட கோட்டட் பேப்பர் 300 தாங்கும்தான், ஆனா அவ்வளவு பெரிய பரப்புல அத்தனை மை கிடந்தா காயறதுக்குள்ள மேல விழற ஷீட்டோட முதுகுல ஒட்டும், செட் ஆஃப்னு சொல்லுவோம். நீங்க சொன்ன கறை அதுதான். அந்த நாலு மைக்கு நடுவுல பொடி எழுத்தை வெள்ளையா விட்டா நாலு பிளேட்டும் மயிரிழை விலகாம அதே ஓட்டைல உக்காரணும். ஒரு பிளேட் நகந்தாலும் ரோஸ் கோடு, நீலக்கோடு. தமிழ் எழுத்துல சுழி ஜாஸ்தி வேற, இங்கிலீஷ் மாதிரி தாங்காது.

பின்னட்டை_அக்கா

ஐயா சொன்னது அத்தனையும் சரி. நான் லேஅவுட் பக்கம் இருக்கேன், விட்டதை மட்டும் சேக்கறேன்.

ஜெராக்ஸ் கடை பிரிண்ட் ஏன் நல்லா இருந்துச்சுன்னா அது டோனர் மெஷின், அதுக்குள்ள ஒரு சாஃப்ட்வேர் உக்காந்து வர்ற ஃபைலை அதுக்குத் தோணின மாதிரி பளிச்சுன்னு ஆக்கிக் குடுக்கும். அனேகமா நீங்க அங்க ஜேபெக் தான் குடுத்திருப்பீங்க, அதுவும் ஆர்ஜிபில?

அட்டைப்பட_அப்பாவி

😶 ஆமா அக்கா. பென் டிரைவ்ல ஜேபெக் தான் இருந்துச்சு.

பின்னட்டை_அக்கா

அப்ப நீங்க டெஸ்ட் பண்ணினது வேற ஃபைல், பிரஸ்ல ஓடினது வேற ஃபைல். ப்ரூஃப்னா, அதாவது அச்சுக்கு முன்னாடி எடுக்கற சோதனை பிரிண்டுன்னா, பிரஸ்ல குடுக்கற அதே பிடிஎஃப்பை, முடிஞ்சா அந்த பிரஸ்காரங்க கிட்டயே எடுக்கச் சொல்லணும். அதுவும் கலருக்கு முழுசா நம்ப முடியாது, எழுத்துப் பிழைக்கும் அளவுக்கும் நம்பலாம்.

ரெண்டாவது, நீங்க ஃப்ளாட்டன் பண்ணிட்டீங்க. அதனால எழுத்தெல்லாம் எழுத்தா இல்ல, படமாயிடுச்சு. போட்டோவுக்கு 300 போதும், ஆனா எழுத்து புள்ளியா மாறிட்டா 300ல ஓரம் சொரசொரன்னுதான் வரும். பூனை சொன்ன 600 வெச்சா கொஞ்சம் தேறும், ஆனா எழுத்தைப் புள்ளியா மாத்தாம கோட்டு வடிவமா, அதாவது வெக்டரா விட்டா டிபிஐ பேச்சே தேவையில்ல. இல்லஸ்ட்ரேட்டர் இருந்தா அதுல போடுங்க, ப்ரிஃபரன்ஸ்ல டைப் பக்கம் போய் இண்டிக் ஆப்ஷனை ஆன் பண்ணிட்டு பேராகிராஃப்ல சவுத் ஏசியன் கம்போசரை வைங்க, இல்லேன்னா கொம்பும் காலும் பிச்சுகிட்டு நிக்கும். எல்லாம் சரி பாத்தப்புறம் கடைசியா அவுட்லைன் (ஃபாண்ட் தேவைப்படாத வெறும் வடிவம்) ஆக்கிடுங்க, அவுட்லைன் ஆக்காத காப்பி ஒண்ணையும் பத்திரமா வெச்சுக்கோங்க, இல்லேன்னா கடைசி நேரத்துல ஒரு ஒற்று திருத்தணும்னாலும் முதல்லருந்து அடிக்கணும், நான் பட்டிருக்கேன். இலவசமா வேணும்னா ஸ்க்ரைபஸ், ஆனா பழைய 1.4 வேண்டாம் தமிழ் உடையும், 1.6 எடுங்க.

போட்டோ பயம் வேண்டாம். 4 செ.மீ அகலத்துக்கு 300 டிபிஐ கணக்குல 472 பிக்ஸல் போதும், உங்க கிட்ட 1200 இருக்கு. வாட்ஸாப் போட்டோவை முழு அட்டைக்கு இழுத்தாதான் அசிங்கம்.

பிக்ஸல்பூனை

சரி ஒத்துக்கறேன், அளவு கேட்டிருக்கணும். மானிட்டர் விஷயம் தப்பில்லையே?

ஓய்வுபெற்ற_ஆஃப்செட்

தப்பில்ல. ஆனா 300 அட்டைக்கு கருவி வாங்கச் சொல்றது எலியைப் பிடிக்க மலையைக் கெல்லற கதை. கண்ணை நம்பாம நம்பரை நம்பினா போதும். பழைய பிரிண்டர்ஸ் கிட்ட ஷேட் கார்டு இருக்கும், சியான் இத்தனை மஜெந்தா இத்தனைன்னா தாள்ல என்ன கலர்னு கட்டம் கட்டமா அச்சடிச்சது. அதைப் பாத்து கலர் எடுத்தா ஸ்கிரீன் எப்படிக் காட்டினா என்ன.

தம்பி, இப்ப உங்க வேலைக்கு வர்றேன். உங்க டிசைன்ல மொத்தம் எத்தனை கலர்? நீலம், கறுப்பு. வெள்ளை பேப்பரே குடுத்துரும். போட்டோவும் கறுப்பு வெள்ளை. இதுக்கு எதுக்கு நாலு கலர்? ரெண்டு கலர் ஜாபா ஓட்டுங்க, ஸ்பெஷல் கலர் நீலம் (தனியா கலக்கின மை, ஸ்பாட் கலர்னும் சொல்லுவாங்க) ஒண்ணு, பிளாக் ஒண்ணு. பிளேட்டும் ரெண்டுதான். நீல மையையே டப்பாவுல இருந்து ஊத்தறதால கத்தரிப்பூ ஆகறதுக்கு வழியே இல்ல, மஜெந்தாவே இல்லையே. மை கலருக்கெல்லாம் நம்பர் போட்ட பேன்டோன் புக்குல 286னு ஒண்ணு இருக்கு, நல்ல ராயல் ப்ளூ, பிரஸ்ல காட்டி அதுக்கு மை கலக்கச் சொல்லுங்க.

ஃபைல்ல ஸ்பாட் கலர் எப்படி வெக்கறதுன்னு தலையைப் பிச்சுக்க வேண்டாம். நாங்க பண்ற குறுக்கு வழி: எங்கெல்லாம் நீலம் வேணுமோ அங்க சியான் 100 மட்டும் வைங்க, கறுப்புக்கு பிளாக் 100 மட்டும், மஜெந்தாவும் எல்லோவும் எல்லா இடத்துலயும் பூஜ்யம். ஸ்கிரீன்ல ஆகாய நீலமா கண்றாவியாத் தெரியும், தெரியட்டும். பிரஸ்ல சியான் பிளேட்டுக்கு சியான் ஊத்தாம இந்த நீலத்தை ஊத்திக்குவாங்க. ஆனா ஆர்டர்ல எழுதிக் குடுங்க, வாயால சொன்னா ராத்திரி ஷிஃப்ட்டுக்காரனுக்குப் போய்ச் சேராது.

பனைமரத்தை ஓவர்பிரிண்ட் வைங்க, நீலத்து மேலயே கறுப்பு ஏறட்டும், ஓரத்துல வெள்ளைக்கோடு விழாது, கறுப்பும் நல்ல ஆழமா வரும். பின்னட்டைக் கறுப்பை விட்டுடுங்க, அதையும் நீலமாக்கி எழுத்தை வெள்ளையா விடுங்க. அப்ப எழுத்துக்குச் சம்பந்தப்பட்டது ஒரே பிளேட், விலகறதுக்கு ரெண்டாவது ஆளே இல்ல. எழுத்து 9 பாயிண்டுக்குக் கீழ போகாதீங்க, கொஞ்சம் தடியான ஃபாண்டா எடுங்க. போட்டோ இருக்கற கட்டத்துல மட்டும் சியான் பூஜ்யமா இருக்கான்னு பாத்துக்கோங்க, இல்லேன்னா அப்பா நீலமாயிடுவாரு.

பின்னட்டை_அக்கா

ஓவர்பிரிண்ட்னதும் ஞாபகம் வருது, வெள்ளைத் தலைப்புல தப்பித்தவறி ஓவர்பிரிண்ட் டிக் இருந்தா தலைப்பே அச்சுல வராது. வெள்ளைன்னா மை இல்ல, மை இல்லாததை மேல அடின்னா கீழ இருக்கற நீலம் அப்படியே நிக்கும். ஸ்கிரீன்ல ஒழுங்காத் தெரியும், பிளேட்ல இருக்காது. அக்ரோபாட் ப்ரோல அவுட்புட் ப்ரிவியூ திறந்து ஒவ்வொரு பிளேட்டா ஆஃப் பண்ணிப் பாருங்க, சியானை ஆஃப் பண்ணினா மரமும் போட்டோவும் மட்டும் இருக்கணும்.

வெட்டறப்ப ஓரத்துல வெள்ளை தெரியாம இருக்க சுத்தியும் 3 மி.மீ கலரைக் கூடுதலா, அதாவது ப்ளீட், விட்டிருக்கீங்களா? புத்தக முதுகு அகலம் எங்கருந்து எடுத்தீங்க?

அட்டைப்பட_அப்பாவி

ப்ளீட் இருக்கு அக்கா. முதுகு நெட்ல ஒரு கால்குலேட்டர்ல போட்டேன்.

பின்னட்டை_அக்கா

ஐயோ. உள்பக்கம் அச்சாயிடுச்சு இல்ல? ஒரு செட்டை, 80 தாளையும் அடுக்கி அமுக்கிப் பிடிச்சு அளங்க. பேப்பருக்குப் பேப்பர் தடிமன் மாறும்.

அட்டைப்பட_அப்பாவி

அளந்தேன். கால்குலேட்டர் சொன்னதை விட 1 மி.மீ கம்மி. இதுவும் போயிருக்கும் 😭 மாத்திட்டேன். மேட் லேமினேஷன் போடறோம், அதுல கலர் மாறுமா?

ஓய்வுபெற்ற_ஆஃப்செட்

கொஞ்சம் மங்கும், நாலு தடவை துவைச்ச வேட்டி மாதிரி. பளிச்னு வேணும்னா கிளாஸ். மேட்டே வேணும்னா மை கலக்கறப்ப நனைஞ்ச ஷீட்டைப் பாத்து முடிவு பண்ணாதீங்க, ஒரு துண்டு மேட் ஃபிலிமை மேல வெச்சுப் பாருங்க. இந்த நீல மை காய நேரமெடுக்கும், லேமினேஷனுக்கு அவசரப்படுத்தாதீங்க, ரெண்டு நாள் கிடக்கட்டும்.

அட்டைப்பட_அப்பாவி

பத்து நாள் கழிச்சு அப்டேட். ரெண்டு கலர்ல ஓட்டியாச்சு, நானே போய் மெஷின் பக்கத்துல நின்னேன். முதல் அம்பது ஷீட் நீலம் வெளிறித்தான் வந்துச்சு, மெஷின்மேன் அண்ணன் மையைக் கூட்டிக் கூட்டி சரி பண்ணினாரு. பனைமரம் செம கறுப்பு. பின்னட்டை எழுத்து ணு கூட சுழியோட தெரியுது. மேட் போட்டப்புறம் நான் நினைச்சதை விட ஒரு ஷேடு கம்மிதான், ஆனா நீலம்.

அப்பா ரொம்ப நேரம் புரட்டிப் பாத்துட்டு பின்னட்டைல ஒரு ஒற்று மிகாதுன்னு சொல்றாரு. அதை நான் அப்புறம் பாத்துக்கறேன்.

ஐயா, அக்கா, ரொம்ப நன்றி. பழைய கத்தரிப்பூ அட்டை 350ம் வீட்டுலதான் கிடக்கு, அதை என்ன பண்றது?

ஓய்வுபெற்ற_ஆஃப்செட்

மரம் இருக்கற பக்கத்தை மட்டும் கட்டிங் மெஷின்ல குடுத்து நீளநீளமா வெட்டுங்க, புத்தகத்துக்கு ஒண்ணா புக்மார்க் வெச்சுக் குடுக்கலாம். கறை பட்ட ஷீட்டைத் தனியா எடுத்துட்டு வெட்டச் சொல்லுங்க.