புதுப்பிப்பு: முதல் பிளாட்பெட் (பக்கச் சுவரும் கூரையும் இல்லாத திறந்த ட்ரெய்லர்) வேலைக்கு எந்தக் கொம்பனி?

ஒன்ராறியோவில் ஏ-இசட் (பெரிய ட்ரெய்லர் லொறி ஓட்டும்) லைசென்ஸ் எடுத்த கையோடு, மைலுக்குக் கூடக் காசு தாற கொம்பனியா, பயிற்சி தாற கொம்பனியா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பயிற்சி தாற இடத்தையே எடுத்தேன். முடிவெடுக்க உதவினது ஒரு அண்ணா சொன்னதுதான்: "சங்கிலியும் அதை இறுக்கிற பைண்டரும் ஆர் தாறது, தார்ப்பாய் போடத் தனிக் காசா, முதல் இரும்புச் சுருளை ஆரோட நிண்டு கட்டுவன் எண்டு கேளும்." கூடக் காசு சொன்ன இடத்தில் கடைசிக் கேள்விக்குப் பதிலே வரவில்லை.

இப்ப ஹமில்டனில் இரும்பு ஏற்றுகிறேன். கூட வந்த பழைய ஓட்டுநர் சங்கிலிக் கண்ணியில் அடித்திருக்கும் தரக் குறியீட்டைப் பார்த்து அது தாங்கக்கூடிய எடையின் எல்லையைக் கணக்கிடப் பழக்கினார். கட்டுகளின் எல்லைகளைக் கூட்டினால் சரக்கு எடையில் பாதியாவது வரவேணும். முதல் 80 கிலோமீற்றருக்குள் நிறுத்திப் பார்ப்பது சட்டம். யார்டில் விறைப்பாக நின்ற சங்கிலி அந்த நிறுத்தத்தில் கையால் தொட ஆடினதைக் கண்டபிறகு, அதைத் தவறவிடவே மாட்டேன்.

எதிர்பாராதது தார்ப்பாய். பலகை லோட்டுக்குப் போடுவது ஒன்றே 100 பவுண்டுக்குக் கிட்ட. குளிரில் விறைத்தால் மடியாது. ஏற்றும் இடத்தில் அதை போர்க்லிப்டால் மேலே தூக்கித் தருவார்களா என்றும் கேளுங்கோ.