எஸ்ஏடி: தெரிந்த சொல்லிலேயே மார்க் போகிறது, உதவுங்கள்

கேள்வி:
எஸ்ஏடி (அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான தேர்வு) ரீடிங்கில் "இந்த இடத்தில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்" வகைக் கேள்விகள்தான் காலை வாருகின்றன. இரண்டு மாதமாகத் தினமும் 30 சொற்கள் மனப்பாடம் செய்கிறேன், அப்படியும் போன மாதிரித் தேர்வில் ஐந்து தப்பு, அதில் நான்கு எனக்கு நன்றாகத் தெரிந்த சொற்கள். ஒரு விமர்சகர் தன் பாராட்டை 'டெம்பர்' செய்தார் என்று வந்தது. டெம்பர் என்றால் கோபம்தானே என்று அதற்குப் பக்கத்தில் இருந்த விடையைப் போட்டேன். இன்னும் நிறைய சொற்கள் படிக்கணுமா?

பதில் 1:
வேண்டாம். தெரிந்த பொருளைப் பார்த்ததும் பிடித்துக்கொள்கிறீர்கள், அங்கேதான் சிக்கல். அடுத்த வரி என்ன?

கேட்டவர்:
நடிப்பு அருமை, ஆனால் இரண்டாம் பாதி இழுக்கிறது என்று எழுதியிருந்தார்.

பதில் 1:
அந்த 'ஆனால்' போதுமே! பாராட்டிவிட்டுக் குறையும் சொல்கிறார் என்றால் பாராட்டை மட்டுப்படுத்துகிறார். விடைகளைப் பார்க்காமல், அந்தச் சொல் இல்லாதது போலப் பத்தியைப் படித்து, அங்கே நீங்களே ஒரு சொல்லைப் போட்டுப் பாருங்கள், தமிழில் என்றாலும் சரி. அதற்கு நெருக்கமான விடையைத் தேடுவது அப்புறம்.

பதில் 2:
கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்விகளுக்கு இது பாதி வழிதான். அங்கே அழுத்தமும் சரியாக இருக்கணும். முந்தைய முடிவுக்கு ஆதாரம் குறைவு என்று ஓர் ஆய்வாளர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'க்வெஸ்ச்சன்' (சந்தேகம் எழுப்புவது), 'ரெஃப்யூட்' இரண்டுமே எதிர்ப்புதான், ஆனால் ரெஃப்யூட் என்றால் தவறென்று நிரூபித்தாக வேண்டும், பத்தியில் அது இல்லை. பத்தி சொல்லாததை விடை சொன்னால் தள்ளிவிடுங்கள்.

நேரத்துக்குப் பயப்படாதீர்கள். ரீடிங் இரண்டு பாகமாக வரும், ஒவ்வொன்றிலும் 32 நிமிடத்தில் 27 கேள்விகள், ஒன்றுக்கு 70 விநாடி தேறும், பத்தியும் 150 சொல்லைத் தாண்டாது. தப்புக்கு மார்க் குறைப்பதில்லை, எதையும் காலியாக விடாதீர்கள்.

கேட்டவர்:
நான்கையும் திரும்பப் போட்டேன், மூன்று சரி! நான்காவதில் 'நாவல்' முறை என்று வந்தது. கதை என்பது பொருந்தவில்லை, முன்பு யாரும் செய்யாதது என்று பத்தி சொல்கிறது, ஆனால் 'புதிய' என்று போடத் தைரியம் வரவில்லை.

பதில் 1:
அதுதான் சரி. 'நாவல்' என்றால் புதியது என்றும் ஒரு பொருள் உண்டு. தினமும் 30 வேண்டாம், 10 போதும், ஒவ்வொன்றையும் இரண்டு வேறு வாக்கியங்களில் எழுதிப் படியுங்கள்.