கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும்: வெளியே ஓடாமல் உள்ளே போய் இருப்பதற்கு

த., செங்கல்பட்டு எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். குடிமைப் பாதுகாப்புத் தன்னார்வலர்களுக்கான பயிற்சிக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 2025 மே 7 அன்று நாடு முழுக்க நடந்த ஒத்திகையில் நம் பக்கம் கல்பாக்கமும் சென்னைத் துறைமுகமும் இருந்தன இல்லையா, அதற்கப்புறம் கல்லூரி மாணவர்கள் நிறையப் பேர் இப்படி ஒன்று கேட்கிறார்கள். வான்தாக்குதல், தீ, முதலுதவி எல்லாம் முடித்துவிட்டேன். வேதி, உயிரி, அணுத் தாக்குதல்களுக்கான அத்தியாயத்தில்தான் நிற்கிறேன். வியாழக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும்.

தேவைப்படும் சொல் இதற்கு: அபாயச் சங்கு ஊதியதும் ஊரைவிட்டு ஓடாமல், பக்கத்தில் இருக்கிற கெட்டியான கட்டடத்துக்குள் போய், கதவு சன்னலைச் சாத்தி, மின்விசிறி ஏசி எல்லாம் நிறுத்தி, சொல்லும்வரை அங்கேயே இருப்பது. கையில் உள்ள பழைய வரைவில் இதற்கு 'இடத்தில் தங்குமிடம்' என்று போட்டிருக்கிறது. வகுப்பில் படித்துக் காட்டினேன், ஒரு மாணவி "ஹாஸ்டலா சார்?" என்று கேட்டாள். இது போகாது.

இன்னொன்று, உடம்பிலும் துணியிலும் நஞ்சோ கதிரியக்கத் தூளோ ஒட்டியிருப்பதற்கு 'மாசு' போதுமா?

பு.ந., தஞ்சாவூர் எழுதியது:

அன்புள்ள த.,

புதுச்சொல் தேடி அலைய வேண்டாம், ஏமம் இருக்கிறது. நாட்டுக்கு அணி ஐந்து என்று வள்ளுவர் எண்ணும்போது (குறள் 738) பிணியின்மை, செல்வம், விளைவு, இன்பம் ஆகியவற்றோடு ஐந்தாவதாக வைப்பது ஏமம். பாதுகாவல் என்று பொருள். 306-இல் 'ஏமப்புணை' வருகிறது, கரை சேர்க்கும் தெப்பம். ஆகவே உள்ளே இருந்து காத்துக்கொள்வது 'அகவேமம்' அல்லது 'இல்லேமம்'. ஏமமே சேமம் ஆயிற்று, அதுவே வடக்கே போய் க்ஷேமம் ஆயிற்று என்பது என் நெடுநாள் கருத்து. ஏ என்னும் உயர்ச்சி வேரிலிருந்து ஏண், ஏணி, ஏமம் என்று வரிசையாகக் காட்ட முடியும். விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.

வி., கல்பாக்கம் எழுதியது:

ஐயா, ஏமம் அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் ஒலிபெருக்கியில் "இல்லேமம் கொள்க" என்று அறிவித்தால் மீனவக் குப்பத்தில் யாருக்கும் கை கால் ஓடாது. பாதிப்பேர் காதில் 'ஏமாற்று' என்றுதான் விழும்.

நான் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டரை நெருக்கடித் திட்ட வட்டமாக வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு எப்போதும் பெரிய கவலை மக்கள் ஓடுவதுதான். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட்டதும் ஊர் ஓடியது, 1942-இல் ஜப்பான்காரன் வருகிறான் என்று மறுபடி காலியானது. அந்த அபாயத்துக்கு அது சரியாகக்கூட இருக்கலாம். நச்சு வாயுவுக்குச் சரியில்லை. 1984 டிசம்பரில் போபாலில் சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் வெளியேறிய இரவில், ஓடினவர்கள் மூச்சிரைத்து அதிகமாக உள்ளிழுத்தார்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தபோதும் ஜனம் தெருவுக்குத்தான் வந்தது. 'உள்ளே போ' என்று யாரும் அவர்களுக்கு ஒரு வார்த்தையில் சொல்லி வைத்திருக்கவில்லை. அதனால் இந்தச் சொல் வெறும் அருஞ்சொல் பட்டியலுக்கு இல்லை, கேட்டதும் கால் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிட வேண்டும்.

என் முன்மொழிவு 'உள்ளிருப்பு'. எளிமை, எல்லாருக்கும் புரியும்.

மீ., சூலூர் எழுதியது:

வி. ஐயா, உள்ளிருப்பு என்றதும் எங்கள் ஊரில் மில் வாசல்தான் கண் முன்னால் வரும். உள்ளிருப்புப் போராட்டம் என்று எத்தனை வருஷமாய்ச் செய்தித்தாளில் படித்திருக்கிறோம். கதவடைப்பு என்றாலும் இதே கதிதான், அது முதலாளி செய்வது. இரண்டு சொல்லையும் தொழிற்சங்க வரலாறு எடுத்துக்கொண்டுவிட்டது.

யோ., ரொறன்ரோ எழுதியது:

இந்த இழையை வாசித்துக்கொண்டு வருகிறேன். எங்களுக்கு இதற்கென்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறதே, 'பதுங்குகுழி'. பேச்சில் பங்கர் என்போம். கிபிர் போர் விமானத்தின் இரைச்சல் கேட்டால் சின்னப் பிள்ளைகூட எங்கே ஓடவேணும் என்று தெரிந்து வைத்திருக்கும். எந்தக் கலைச்சொல் குழுவும் எங்களுக்கு அதைச் செய்து தரவில்லை. 'பதுங்கல்' என்று வையுங்கள், வன்னியிலும் விளங்கும் செங்கல்பட்டிலும் விளங்கும்.

தயவுசெய்து 'ஊரடங்கு', 'வீடடங்கு' பக்கம் மட்டும் போகாதீர்கள். யாரும் இன்னும் சொல்லவில்லை, சொல்வீர்கள் என்று தெரியும். எங்களுக்கு ஊரடங்கு என்றால் வெளியே வந்தால் சுடுவார்கள் என்றுதான் பொருள். உயிரைக் காப்பாற்றச் சொல்லும் சொல்லில் அந்தப் பயம் கலக்கக்கூடாது.

வி., கல்பாக்கம் எழுதியது:

யோ. அவர்களுக்கு, உங்கள் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் பதுங்கல் என்றால் ஜனம் பள்ளத்துக்குப் போகும், குனியும். குண்டுச் சிதறலுக்கு அது சரி. குளோரின், பாஸ்ஜீன், சாரின் போன்ற போர் நஞ்சுகள் காற்றைவிடக் கனமானவை, பள்ளம் தேடிப்போய்த் தேங்கும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தில் ஈப்பர் அருகே ஜெர்மானியர் குளோரினைத் திறந்துவிட்டபோது அது நேரே பதுங்குகுழிகளுக்குள்தான் இறங்கியது. 1991 வளைகுடாப் போரில் ஈராக்கின் ஸ்கட் ஏவுகணைகள் வந்தபோது இஸ்ரேலில் மக்களை நிலவறைக்கு அனுப்பாமல், வீட்டிலேயே ஒரு அறையை பிளாஸ்டிக் தாளும் ஒட்டு நாடாவும் போட்டு அடைத்து அதற்குள் இருக்கச் சொன்னதற்கு இதுதான் காரணம். வந்த ஏவுகணைகளில் வேதிக்குண்டு இல்லை, ஆனால் முகமூடியைச் சரியாகப் போடத் தெரியாமல் மூச்சுமுட்டிச் செத்தவர்கள் உண்டு.

அணுகுண்டு வெடித்தபின் வந்து விழும் கதிரியக்கத் தூசிக்கு நேர்மாறு. நிலவறை இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பெரிய கட்டடத்தின் நடுப்பகுதி. கூரையிலிருந்தும் வெளிச்சுவரிலிருந்தும் எவ்வளவு தள்ளி இருக்கிறோமோ அவ்வளவு நல்லது. ஆக வாயுவுக்கு மேல்மாடி உள்ளறை, தூசிக்கு அடித்தளம் அல்லது நடு. இரண்டுக்கும் பொதுவாக ஒரே சொல் வேண்டும் என்றால், மேலே கீழே என்று எந்தத் திசையையும் காட்டாத சொல்லாக இருக்க வேண்டும்.

ந., வேலூர் எழுதியது:

மாசு பற்றிய கேள்வியை எல்லாரும் விட்டுவிட்டீர்களே. நான் அவசரப் பிரிவுச் செவிலியர். மாசு என்றால் நோயாளிகளுக்குப் புகை, சாக்கடை, வண்டி. இங்கே வேண்டியது மேலே ஒட்டிக்கொண்டு வருவது, தொட்டால் அடுத்தவருக்கும் ஒட்டுவது, கழுவினால் போவது. எக்ஸ்ரே எடுத்தவரைத் தொட்டால் நமக்கு ஒன்றும் ஆகாது, அது கதிர் பட்டது, அவ்வளவுதான். கதிரியக்கத் தூள் ஒட்டினவர் கதை வேறு. இந்த இரண்டையும் கலந்தால் ஊழியர்களே நோயாளியைத் தொடப் பயப்படுவார்கள், அல்லது பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாமல் இருப்பார்கள். 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயில்களில் சாரின் விட்டபோது, உடையைக் களையாமல் நோயாளிகளை உள்ளே எடுத்ததால் மருத்துவமனை ஊழியர்களுக்கே கண் மங்கியது, மூச்சுத் திணறியது. மேலாடையைக் கழற்றினாலே ஒட்டியதில் பெரும்பகுதி போய்விடும். அப்புறம் சோப்பும் தண்ணீரும். தலைக்கு ஷாம்பு போடலாம், கண்டிஷனர் கூடாது, அது தூளை முடியோடு பிடித்து வைத்துக்கொள்ளும்.

பு.ந., தஞ்சாவூர் எழுதியது:

செவிலியர் அம்மா சொல்லும் இலக்கணம் அத்தனையும் பொருந்தும் சொல் ஒன்று தமிழில் உண்டு: தீட்டு. தொட்டால் பற்றும், குளித்தால் போகும். தீண்டு என்பதன் வழி வந்தது. சொல்லாராய்ச்சி நோக்கில் மட்டும் சொல்கிறேன்.

மீ., சூலூர் எழுதியது:

ஐயா, உங்களை ஆசிரியராக மதிப்பவள் நான், ஆனால் இதை முழு மூச்சாக எதிர்க்கிறேன். நூற்றாண்டுகளாக மனிதரை மனிதர் தள்ளி வைக்கப் பயன்பட்ட சொல்லை, அடிபட்டு வருகிறவர் மேல் ஒட்டலாமா? 1987-இல் பிரேசிலின் கோயானியாவில், கைவிட்ட மருத்துவமனைக் கருவியிலிருந்து சீசியம்-137 வெளியே வந்து, இருட்டில் நீலமாக ஒளிர்ந்த அந்தத் தூளைக் குழந்தைகள் உடம்பில் பூசி விளையாடினார்கள். 1,12,000 பேருக்கு மேல் விளையாட்டரங்குக்கு வந்து சோதித்துக்கொண்டார்கள், 249 பேரிடம்தான் தூள் இருந்தது. நான்கு பேர் இறந்தார்கள், அதில் ஒருத்தி ஆறு வயதுச் சிறுமி. ஈயப் பெட்டியில் வைத்துப் புதைக்க எடுத்துப்போனபோது கூட்டம் கல்லெறிந்தது. தீட்டு என்ற சொல் இல்லாமலே அங்கே அவ்வளவு நடந்தது. நம் ஊரில் அந்தச் சொல்லையும் கையேட்டில் அச்சடித்துக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள்.

'ஒட்டுநஞ்சு' என்று சொல்லலாமே. ஒட்டியிருக்கிறது, நஞ்சு, எடுத்துவிடலாம். எடுப்பது 'ஒட்டுநஞ்சு நீக்கம்'.

முதல் சொல்லுக்கும் ஒன்று தோன்றுகிறது. மழை வந்தால் நாம் என்ன செய்கிறோம்? ஒதுங்குகிறோம். யார் வீடு, எந்தக் கடை என்று பார்ப்பதில்லை, பக்கத்தில் எது இருக்கிறதோ அதற்குள். விட்டதும் கிளம்பிவிடுகிறோம். அந்தச் சொல்லில் அவசரமும் இருக்கிறது, தற்காலிகமும் இருக்கிறது, தண்டனை இல்லை, பள்ளமும் இல்லை. 'உள்ளொதுங்கல்' என்று வைக்கலாமா?

த., செங்கல்பட்டு எழுதியது:

மீ., இது எனக்குப் பிடித்திருக்கிறது. கீற்றுக் குடிசையில் இருப்பவரிடம் 'வீட்டுக்குள் இரு' என்றால் தூசிக்கு அது பாதுகாப்பே இல்லை, பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் கான்கிரீட் கட்டடத்துக்கு அவர் போக வேண்டும். ஒதுங்கு என்றால் அது தானாகவே வந்துவிடுகிறது.

ஒரே தயக்கம், கிராமத்தில் 'ஒதுங்கப் போனான்' என்றால் வேறு பொருள்.

மீ., சூலூர் எழுதியது:

'உள்' முன்னால் நிற்கும்போது அந்தப் பொருள் வராது. மழைக்கு ஒதுங்கினேன் என்று சொல்ல யாரும் கூச்சப்படுவதில்லையே.

பு.ந., தஞ்சாவூர் எழுதியது:

தீட்டை நான் வற்புறுத்தவில்லை, மீ.-யின் சினம் நியாயமானது. ஒதுங்குதலுக்குச் சங்க நூல்களில் நடத்தல் என்ற பொருளும் உண்டு, ஒதுக்கம் என்றால் நடை. எனவே உள்ளொதுங்கல் என்பது உள்நோக்கி நடத்தல் என்றும் பொருள்படும், அது கூடுதல் வலிமை. ஆயினும் தொழிற்பெயராக '-அல்' ஈறு சப்பென்று இருக்கிறது. 'உள்ளொதுக்கம்' என்பதே பெயர்ச்சொல்லாக நிற்கும். ஏமத்தையும் நான் கைவிடவில்லை. தலைப்பிலாவது 'ஏமப் பயிற்சி' என்று ஓரிடத்தில் வைத்தால் அடுத்த தலைமுறைக்குச் சொல் மிஞ்சும்.

வி., கல்பாக்கம் எழுதியது:

ஒதுக்கம் வேண்டாம் ஐயா. ஒதுக்கீடு, ஒதுக்குதல், யாரையோ விலக்கி வைப்பது என்று போய்விடும். ஒதுங்கல் என்றால் நானாகச் செய்வது. எனக்கு உள்ளொதுங்கல் சம்மதம். பயிற்சியில் மட்டும் முழு வாக்கியமாகச் சொல்லுங்கள்: உள்ளே ஒதுங்கு, கதவைச் சாத்து, வானொலியைக் கேள். கதவடியில் நனைத்த பழைய வேட்டியைச் சுருட்டி வைக்கச் சொல்லுங்கள், சமையலறை வெளியேற்று விசிறியை நிறுத்தி அந்த ஓட்டையையும் அடைக்கச் சொல்லுங்கள்.

எவ்வளவு நேரம் என்பதும் அதே பக்கத்தில் வர வேண்டும். வாயு என்றால் மேகம் கடக்கும்வரைதான், நாள்கணக்கில் அடைத்த அறையில் இருக்க முடியாது, கடந்ததும் சன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். அணுகுண்டுத் தூசி என்றால் குறைந்தது 24 மணி நேரம். நேரம் ஏழு மடங்கானால் கதிர்வீச்சு பத்தில் ஒன்றாகும் என்பது பழைய கணக்கு: ஒரு மணி நேரத்தில் 100 என்றால் 7 மணி நேரத்தில் 10, இரண்டு நாளில் 1. முதல் நாள் உள்ளே இருப்பவர் தப்பிப்பது ஏன் என்று மாணவர்களுக்கு இந்த ஒரு கணக்கே புரியவைத்துவிடும். அயோடின் மாத்திரை பற்றியும் ஒரு வரி போடுங்கள். அது தைராய்டை மட்டும்தான் காக்கும், அதுவும் சொன்ன நேரத்தில் போட்டால். உப்பைத் தின்று பயனில்லை. 2011-இல் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்கு அப்புறம் சீனாவில் அயோடின் உப்புக்குக் கடைகளில் அடிதடிக் கூட்டம்.

யோ., ரொறன்ரோ எழுதியது:

வாயு பள்ளத்தில் தேங்கும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இலங்கைப் பதிப்பு ஒன்று வந்தால் 'பதுங்கல்' என்பதை அடைப்புக்குறிக்குள்ளாவது போடுங்கள். 'ஒதுங்கு' எங்கட சனத்துக்கு மெதுவான சொல், ஓரமாய் நில் என்பதுபோல. செல் (எறிகணை) விழுகிற நேரம் ஒதுங்கு என்று கத்தினால் ஒருவரும் அசையமாட்டார்கள். இதில் நான் உடன்படவில்லை என்று பதிவு செய்துகொள்ளுங்கள்.

த., செங்கல்பட்டு எழுதியது:

பதிவு செய்துகொண்டேன். நாளை இரவு கோப்பை அனுப்ப வேண்டும், ஆகவே இப்போதைக்கு உள்ளொதுங்கல், ஒட்டுநஞ்சு, ஒட்டுநஞ்சு நீக்கம், கதிர் படுதல். ஏமம் முன்னுரையில் ஒரு வாக்கியத்தில் வரும். 'பதுங்கல்' வான்தாக்குதல் அத்தியாயத்தில் இருக்கிறது, அங்கே அதுதான் சரி.

வி. ஐயா, ஒன்று விட்டுப்போயிற்று. ஏறி இறங்கி அலறும் சங்குக்கு அபாயச் சங்கு என்று போட்டுவிட்டேன். அப்புறம் ஒரே சீராக ஊதி, வெளியே வரலாம் என்று சொல்கிற சங்குக்கு என்ன பெயர் போடுவது?

பு.ந., தஞ்சாவூர் எழுதியது:

ஏமச்சங்கு.