பெரியம்மாவின் கால் - 'வெள்ளவத்தை வீடு' குழு, சனிக்கிழமை காலை

பெரியம்மா: [படம்]

பெரியம்மா: ஆடிவேல் தேருக்குப் பின்னால் வெறுங்காலோடு நடந்தபோது கொப்பளித்த இடம். இன்னும் ஆறவில்லை. நோவு இல்லாதபடியால் ஒருவருக்கும் சொல்லவில்லை.

நிரோஷன்: ஆடிவேல் முடிந்து மூன்று கிழமை, பெரியம்மா!!

பாலா மாமா: சுற்றிவரச் சிவந்து வீங்கியிருக்கிறதே அக்கா. முழங்காலுக்குத் தந்த வீக்கக் குளிசை என்னிடம் மிச்சம் இருக்கிறது. கொடுத்துவிடவா?

சித்தி: அக்கா, கத்தரிக்காய், இறால் ஒன்றும் தொட வேண்டாம். கிரந்தி. மஞ்சள் அரைத்துப் பூசுங்கோ.

கௌரி: மாமா, அந்தக் குளிசை கூடவே கூடாது. பெரியம்மாவுக்குச் சீனி வருத்தத்தோடு கிட்னியும் கொஞ்சம் பழுது. இது டெங்குக் காலம் வேறு. காய்ச்சல் வந்தாலும் பனடோல் மட்டும்தான்.

கௌரி: சித்தி, புண்ணில் மஞ்சள் வேண்டாம். கத்தரிக்காய் உங்கள் இஷ்டம் 😄

பாலா மாமா: வீக்கத்தைக் குறைக்காமல் புண் எப்படி ஆறும்?

கௌரி: வீக்கம் வராவிட்டாலும் ஆறாது மாமா. தோல் கிழிந்த சில மணித்தியாலத்திலேயே நியூட்ரோபில் என்ற வெண்குழியங்கள் இரத்தத்திலிருந்து அங்கே வந்துவிடும். கிருமியைக் கொன்று, கொஞ்ச நாளில் தாங்களும் சாகும். சீழ் என்று நாங்கள் துடைத்து எறிவதில் பெரும்பங்கு அவைதான். இரண்டு மூன்று நாளில் மாக்ரோபேஜ் என்ற, செத்ததைத் தின்கிற இன்னொரு வகை வெண்குழியம் கூடும். அது முதலில் அழற்சியை, அதாவது இந்தச் சிவப்பையும் வீக்கத்தையும், கூட்டுகிற இன்டர்லியூக்கின் 1, டிஎன்எஃப் என்ற புரதங்களைச் சுரக்கும். செத்த நியூட்ரோபில்களைத் தின்னத் தின்ன அதன் குணம் மாறிவிடும். பிறகு புது இரத்தக் குழாய் முளைக்கவும், தோலுக்கு உறுதி தருகிற கொலாஜன் என்ற புரதம் உண்டாகவும் தேவையான வளர்ச்சிக் காரணிகளை விடும்.

பாலா மாமா: பக்கத்து ஒழுங்கையில் பழைய வீட்டை இடித்த ஆட்களே இப்போது தொடர்மாடி கட்டுகிற மாதிரி.

கௌரி: அதேதான். பெரியம்மாவின் காலில் இன்னும் இடிக்கிற வேலைதான் நடக்கிறது. சீனி கூடிக்கொண்டே இருந்தால் மாக்ரோபேஜ் அடுத்த குணத்துக்கு மாற முடியாமல் நின்றுவிடும். கொலாஜனை வெட்டுகிற நொதிகள் அடங்காமல், புதிதாக வருகிற தசையையும் அரித்துவிடும். இரத்த ஓட்டமும் குறைவு. நரம்பு பழுதானதால் நோவும் தெரியாது. அந்த நோவு இல்லாததுதான் எனக்குப் பயம்.

நிரோஷன்: அப்படியென்றால் எதிர்ப்புச் சக்தியைக் கூட்ட வேண்டும். ஒரு போர்வேர்ட் வந்தது, இஞ்சியும் தேனும்...

கௌரி: சீனிக்காரருக்குத் தேன் கொடுக்கச் சொல்கிற போர்வேர்ட்டை முதலில் அழி. கூட்டினால் போதும் என்றில்லை நிரோ, நேரத்துக்கு அடங்கவும் வேண்டும். அடக்குவதற்கென்றே ஒழுங்குபடுத்தும் டி கலங்கள் என்ற வெண்குழியங்கள் இருக்கின்றன. சகாகுச்சி என்ற ஜப்பான்காரர் 1995இல் காட்டினார். 2025 மருத்துவ நோபல் அவருக்கும் பிரங்கோ, ராம்ஸ்டெல் இருவருக்கும் கிடைத்தது. அந்தக் கலங்கள் வேலை செய்யாமல் பிறக்கிற குழந்தைகளுக்குச் சொந்த வெண்குழியங்களே குடலையும் தோலையும் கணையத்தையும் தாக்கும்.

சித்தி: அப்போ அடக்குகிற ஒயின்ட்மென்ட் பூசலாமே? என் கைச் சொறிக்குத் தந்தது இருக்கிறது.

கௌரி: அது ஸ்டீராய்டு, சித்தி. அழற்சியோடு சேர்த்து ஆறுகிற வேலையையும் மந்தமாக்கிவிடும். கிருமியும் பெருகும்.

பெரியம்மா: முள்ளுக் குத்தினால்கூடச் சிவக்கும்தானே பிள்ளை. இதற்கு ஏன் இவ்வளவு ஆரவாரம்?

கௌரி: முள்ளை வைத்துத்தான் இதைக் கண்டே பிடித்தார்கள்! 1882இல் இத்தாலியின் மெசினாவில் மெட்ச்னிகாஃப் என்ற ரஷ்யர், கண்ணாடி மாதிரி உடம்பு தெரிகிற நட்சத்திர மீன் குடம்பிக்குள் முள்ளைச் செருகினார். மறுநாள் விடியப் பார்த்தால் முள்ளைச் சுற்றிக் கலங்கள் மொய்த்திருந்தன. 1908இல் அவருக்கும் நோபல். ஆனால் நட்சத்திர மீனுக்குச் சீனி வருத்தம் இல்லை, பெரியம்மா. இன்று வெறும் வயிற்றில் எத்தனை?

பெரியம்மா: 240

பெரியம்மா: நேற்றுக் கொஞ்சம் கேக்.

பாலா மாமா: கேக் கொடுத்தது யார்?

சித்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கௌரி: சரி, அதை விடுங்கள். இன்றைக்கே டொக்டரிடம் காட்ட வேண்டும். செத்த தசை இருந்தால் வெட்டி எடுத்துச் சுத்தமாக மருந்து கட்டுவார்கள், தேவையென்றால் அன்டிபயோட்டிக். சீனியையும் இறக்க வேண்டும். அதுவரை அந்தக் காலை ஊன்ற வேண்டாம். சிவப்பு மேலே ஏறினாலோ, மணம் வந்தாலோ, கறுத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ நேரே அவசரப் பிரிவு.

பெரியம்மா: திங்கள் போனால் என்ன? மத்தியானம் ஆட்கள் சாப்பிட வருகிறார்கள்.

கௌரி: இல்லை.

நிரோஷன்: பத்தரைக்குக் காரோடு வருகிறேன். காலி வீதியில் நிறுத்த விடமாட்டார்கள், கீழே இறங்கி நில்லுங்கோ.

கௌரி: நிற்கக் கூடாது என்று இப்போதுதானே சொன்னேன். பெரியம்மா, லிப்ட் பக்கத்தில் கதிரை போட்டு இருங்கள்.

பெரியம்மா: சமையலை யார் பார்ப்பது?

சித்தி: நான் பத்து மணிக்கு வருகிறேன் அக்கா. சாவியைக் கீழே செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுப் போங்கோ.