முதலில் ரியாக்டிவ் (தொற்று இருக்கலாம்), திரும்பப் போட்டால் நெகட்டிவ்: ரத்தப் பையை என்ன செய்வது?

கேள்வி:
வணக்கம். ஹெபடைடிஸ் பி எலைசாவில் (குழிகள் உள்ள பிளேட்டில் நிறமாற்றத்தை அளந்து வைரஸின் ஆன்டிஜென் என்னும் புரதத்தைத் தேடும் சோதனை) ஒரு ரத்தக் கொடையாளரின் சாம்பிள், கட்-ஆஃப் (பாசிட்டிவ், நெகட்டிவைப் பிரிக்கும் எல்லை) அளவைப்போல் 1.3 மடங்கு காட்டியது. அதே டியூபிலிருந்து இரண்டு குழியில் திரும்பப் போட்டதில் 0.3, 0.4 மடங்குதான். முதல் பிளேட்டில் பக்கத்துக் குழி பலமான பாசிட்டிவ். நாட் (வைரஸின் மரபணுவையே தேடும் சோதனை) வசதி இங்கே இல்லை. பையைக் கொடுக்கலாமா? கொடையாளரிடம் என்ன சொல்வது?

பதில் 1:
பக்கத்தில் பலமான பாசிட்டிவ் இருந்ததென்றால் வாஷரைத்தான் (குழிகளைக் கழுவும் கருவி) முதலில் சந்தேகிக்க வேண்டும். ஓர் ஊசி அடைத்துக்கொண்டாலும் நீர் முழுசாக உறிஞ்சாமல் அடுத்த குழிக்கு வழியும். காலி பிளேட்டில் ஒரு சுற்று ஓடவிட்டு, எந்தக் குழியில் நீர் தங்கியிருக்கிறது என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

இன்னொன்று ஃபைப்ரின், அதாவது ரத்தம் உறையும்போது உண்டாகும் நார்ப் புரதம். ரத்தம் சரியாக உறையுமுன் சென்ட்ரிஃப்யூஜில் வைத்தால் சீரத்தில் நூல்நூலாக மிதக்கும். அது குழியின் அடியில் ஒட்டி கான்ஜுகேட்டை (நிறத்தை உண்டாக்கும் என்சைம் சேர்ந்த மருந்து) பிடித்துக்கொள்ளும், கழுவினாலும் போகாது. குறைந்தது 30 நிமிடம் உறையவிடுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் அதே டியூபிலிருந்து எத்தனை முறை போட்டாலும் சாம்பிள் வேறொருவருடையதோடு மாறியிருந்தால் தெரியாது. பையின் டியூபிங் செக்மென்ட்டிலிருந்து (பையோடு ஒட்டிய, ரத்தம் நிறைந்த குழாய்த் துண்டு), எண்ணைச் சரிபார்த்து, மறுபடி போடுங்கள்.

கிட் தாளின்படி இரண்டும் நெகட்டிவ் என்றால் நெகட்டிவ்தான். இருந்தும் நாட் இல்லாத இடத்தில் நான் வெளியே விடமாட்டேன். தொற்றின் ஆரம்ப வாரங்களில் ஆன்டிஜென் கட்-ஆஃபை ஒட்டியே நிற்கும். சிவப்பணுவை ஃபிரிட்ஜிலும், பிளாஸ்மாவை ஃப்ரீசரிலும், பிளேட்லெட்டை அறை வெப்பத்தில் ஆடும் தட்டிலும், மற்ற பைகளிலிருந்து பிரித்துத் தனி அடுக்கில் வையுங்கள். பிளேட்லெட்டுக்கு ஆயுள் 5 நாள்தான் என்பதால் வார்டிலிருந்து நெருக்குவார்கள். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

நாட் வந்தாலும் 6 சாம்பிளைச் சேர்த்துப் போடும் முறையில் வைரஸ் ஆறில் ஒரு பங்காக நீர்த்துவிடும். மறைந்திருக்கும் ஹெபடைடிஸ் பி (ஆன்டிஜென் சோதனையில் தெரியாமல், வைரஸ் மிகக் குறைவாக உள்ள தொற்று) அதில் நழுவ வாய்ப்புண்டு.

பதில் 3:
கொடையாளரிடம் போனில் எதையும் சொல்லாதீர்கள். நேரில் வரச்சொல்லி, "முடிவு தெளிவாக இல்லை, இன்னொரு சாம்பிள் வேண்டும்" என்று மட்டும் கவுன்சிலர் சொல்லட்டும். தொற்று உறுதியானால் அவர் முன்பு கொடுத்த பைகள் யாருக்குப் போயின என்று பதிவேட்டில் தேட வேண்டும். 2018 டிசம்பரில் சாத்தூரில் கர்ப்பிணிக்கு எச்ஐவி ரத்தம் ஏறியபோது, அந்தக் கொடையாளருக்கு 2016-லேயே பாசிட்டிவ் வந்திருந்தும் தகவல் அவரிடம் சேரவில்லை என்று செய்திகள் வந்தன. அதனால் உங்கள் கொடையாளர் வந்து போனாரா, சாம்பிள் கொடுத்தாரா என்பதைத் தேதியோடு பதிவேட்டில் எழுதி வையுங்கள்.