வண்டில ஏதோ தட்டுது

நான்: 🔊 குரல் பதிவு 0:21

நான்: யாராச்சும் இத கேட்டுட்டு சொல்லுங்க, நம்ம பழைய பிக்கப்புல நாலு நாளா இஞ்சின்கிட்ட டிக்டிக்னு ஒரு சத்தம்

அத்தான்: போச்சு மச்சான். பிஸ்டன கிராங்க் ஷாஃப்ட்டோட இணைக்கற கனெக்டிங் ராடு, அதோட பேரிங் காலி. வண்டிய எடுக்காதீங்க, இஞ்சின இறக்கித்தான் ஆகணும்

அக்கா: இவருக்கு மிக்சில சத்தம் வந்தாலும் கனெக்டிங் ராடுதான் 😂

சின்ன மாமா: மருமகனே, ஃபோன்ல பதிவு பண்ணா எல்லா டீசல் இஞ்சினும் உரல் இடிக்கற மாதிரிதான் கேக்கும், அத வெச்சு எவனும் சொல்ல முடியாது. சத்தம் எப்ப வருதுன்னு சொல்லு. குளிர்ந்த இஞ்சின்லயா, ஓடி சூடான பிறகா? ஐட்லிங்லயா, ரேஸ் பண்ணும்போதா? கிளட்ச மிதிச்சா மாறுதா? அதுக்கெல்லாம் முன்னாடி டிப்ஸ்டிக்க உருவி பாத்தியா?

நான்: ஆயில் சரியா இருக்கு மாமா, மேல் கோட்டுக்கு கொஞ்சம் கீழ. கிளட்ச் மிதிச்சாலும் அதேதான். எல்லா நேரமும் வருதுன்னு நினைக்கிறேன்

சின்ன மாமா: நினைக்கிறேன்லாம் வேணாம்

அம்மா: எல்லா நேரமும் எங்கடா வருது? காலைல ஸ்டார்ட் பண்ணி விட்டுட்டு நீ பாட்டுக்கு பல்லு வெளக்க போயிடற, அப்ப டிக்டிக்டிக்னு என் தலைமாட்டுலயே கேக்கும், கொஞ்ச நேரத்துல தானா கொறைஞ்சிடும். சாயங்காலம் நீ வந்து நிறுத்தறதே எனக்கு தெரியாது, அவ்ளோ அமைதி

சின்ன மாமா: அக்கா, பாதி வேலைய நீ முடிச்சிட்ட 👏

அத்தான்: அப்ப ராடு இல்லையா மாமா

சின்ன மாமா: ராடு பேரிங்னா இதுக்கு தலைகீழா இருக்கும் மாப்பிள்ளை. சூடாக ஆக ஆயில் இளகும், அப்பதான் தட்டு கூடும், அதுவும் அடிவயித்துலேந்து டொக்டொக்னு வரும். இது குளிர்ல வந்து சூட்டுல போகுதே

அத்தான்: அப்ப வால்வ அமுக்கி திறக்கற டேப்பட்டோட சத்தம். இறுக்கி விட்டா போயிடும்ல

சின்ன மாமா: போகும், கூடவே வால்வும் போகும். கேப் இல்லாம இறுக்கினா வால்வு சீட்டுல முழுசா உக்காராது, உக்காந்தாத்தான அதோட சூடு இஞ்சின் மேல்பகுதி, அந்த ஹெட்டுக்கு இறங்கும், இறங்கலன்னா எரிஞ்சிடும். லேசா டிக்டிக்குங்கற டேப்பட்டுக்கு நான் பயப்பட மாட்டேன், சத்தமே இல்லாததுக்குத்தான் பயப்படுவேன். கேப்ப ஃபீலர் கேஜ்னு அளவு போட்ட மெல்லிசு தகடு போட்டுத்தான் வெக்கணும், காத வெச்சு இல்ல

சின்ன மாமா: இன்னொரு ஆளு இருக்கு, மேனிஃபோல்டு லீக், அதாவது ஹெட்டுலேந்து புகைய வெளிய கொண்டுபோற குழாய் ஹெட்டோட சேர்ற எடத்துல கசியறது. டேப்பட்டும் அதுவும் ஒரே தாளம், ஐட்லிங்ல கிராங்க் நிமிஷத்துக்கு 800 சுத்து சுத்துனா ரெண்டும் 400 தடவதான் தட்டும், அதனாலதான் ஏமாத்தும். மருமகனே, காலைல இஞ்சின் ஜில்லுனு இருக்கும்போது நீளமான ஸ்க்ரூ டிரைவர் எடுத்து நுனிய டேப்பட் கவர்ல வெச்சு கைப்பிடிய காதுல ஒட்டி கேளு, அப்புறம் மேனிஃபோல்டு பக்கம். துண்டு கிண்டு தோள்ல போட்டுட்டு போகாத, ஃபேன் இழுத்துடும்

அக்கா: மாமா இந்த க்ரீச்னு சத்தமும் சொன்னானே போன வாரம்

சின்ன மாமா: அது பெல்ட்டு. ஓடும்போது மேல கொஞ்சம் தண்ணி தெளிச்சா சத்தம் மாறும், மாறலன்னா டைனமோ இல்ல வாட்டர் பம்ப் பேரிங்க பாக்கணும். அது அப்புறம்

(அடுத்த நாள் காலை)

நான்: மாமா, கவர்ல வெச்சா ஒரே சீரா கரகரன்னு இருக்கு, பெருசா ஒண்ணும் இல்ல. மேனிஃபோல்டோட பின் கோடில வெச்சேன், காது கிழிஞ்சது. டார்ச் அடிச்சு பாத்தா அந்த எடத்துல மட்டும் ஹெட்டு மேல கரி விசிறி மாதிரி அப்பியிருக்கு, மேனிஃபோல்ட புடிச்சிருக்கற ஒரு ஸ்டட்டு போல்ட்டுக்கு தலையே காணோம்!!

சின்ன மாமா: ஹா, கடைசி ஸ்டட்டுதான? அதுதான் ஒடியும். வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு சூட்டுல நீளவாக்குல நீளும், சுருங்கும், வருஷக்கணக்கா அந்த இழுப்பெல்லாம் ரெண்டு கோடிலயும்தான் விழும். சூடானா இடைவெளிய அதுவே அடைச்சுக்கும், அதான் சாயங்காலம் உங்கம்மாவுக்கு கேக்கல

நான்: நானே கழட்டட்டுமா

சின்ன மாமா: ஒடிஞ்ச மிச்சத்த நோண்டாத, உள்ள இன்னும் ஒடிச்சா ஹெட்டயே கழட்டணும். வெல்டர் அதுமேல ஒரு நட்ட வெச்சு பத்தவெச்சு சூட்டோட திருப்பி எடுப்பாரு. நடுவுல கசியாம இருக்க வெக்கற கேஸ்கெட்டும் புதுசு போட்டுடு, மேனிஃபோல்டு வளைஞ்சிருக்கான்னு ஸ்கேல் வெச்சு பாக்க சொல்லு, வளைஞ்சத அப்படியே மாட்டுனா திரும்ப ஒடியும். அதுவரைக்கும் கண்ணாடிய இறக்கிட்டு ஓட்டு, கசியற புகை உள்ள வரும், மூடி வெச்சா உள்ளயே நிக்கும்

அத்தான்: நானும் மேனிஃபோல்டுதான் சொல்ல வந்தேன்

அக்கா: 🙄

அம்மா: சரி பண்ணிட்டா முன்னாடியே சொல்லிடுடா, நாளைலேந்து நான் அலாரம் வெக்கணும்