இழப்பு மைனஸ் மூன்றாம்! இது எந்த ஊர்க் கணக்கு?

வடகடல் வல்லம் | இரவு 9.40
நேற்று டிஎன்பிஎஸ்சி ஆன்லைன் படிப்பு அறையில் பாதிப் பேருக்குக் குரல் விட்டுவிட்டு வந்தது. புகார் சொன்னோம். அறையை நடத்தும் குந்துகால் கோடர் போட்ட பதில் இது: "கண்காணிப்புப் பக்கத்தில் எல்லாருக்கும் பச்சை. பாக்கெட் இழப்பு பூஜ்யம், ஒருவருக்கு மைனஸ் மூன்று. இணைப்பில் கோளாறு இல்லை. உங்கள் ஹெட்செட்டைப் பாருங்கள்."

ஹெட்செட்டை அப்புறம் பார்க்கலாம். குரல் துண்டு துண்டாக, பாக்கெட் பாக்கெட்டாகப் போகிறதாம். வழியில் தொலைந்தது எத்தனை என்பதுதான் இழப்பாம். அதில் மைனஸ் மூன்று என்றால் என்ன? நான் பன்னிரண்டு வருஷமாக மீன் ஏலத்தில் கணக்கு எழுதுகிறவன். பாம்பனில் நூறு பெட்டி ஏற்றினால் தூத்துக்குடியில் நூறு இறங்கும். வழியில் ஏதாவது நடந்தால் தொண்ணூற்றேழு இறங்கும். நூற்று மூன்று இறங்கியது என்று எவனாவது சீட்டு எழுதினால் முதலாளி முதலில் அவனைத்தான் இறக்கிவிடுவார். இந்தச் சீட்டை வைத்துக்கொண்டு டீச்சரிடம் ஹெட்செட்டைப் பார் என்கிறார் தம்பி.

குந்துகால் கோடர் | இரவு 9.52
அண்ணே, மீன் பெட்டி வேறு, ஆர்டிபி, அதாவது இணையத்தில் குரல் அனுப்பும் முறையின் பாக்கெட் வேறு. குரல் பாக்கெட்டை எப்படி எண்ணுவது என்பதற்கு ஆர்.எஃப்.சி. 3550 என்று ஓர் இணைய விதி ஆவணம் 2003லேயே வந்துவிட்டது. வந்திருக்க வேண்டியது எத்தனை, அதில் வந்தது எத்தனையைக் கழி, மீதி இழப்பு. வந்ததில் இரட்டைப் பிரதியும் சேரும். வழியில் மூன்று பாக்கெட் இரண்டிரண்டாகிவிட்டால் விடை மைனஸ் மூன்று. இழப்பு மைனஸில் வரலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. பிரவுசர் கொடுக்கிற எண்ணை நான் அப்படியே காட்டுகிறேன். படித்துவிட்டு வாருங்கள்.

வடகடல் வல்லம் | இரவு 9.55
வந்துவிட்டது பார், "படித்துவிட்டு வாருங்கள்". படித்தவர் கணக்கு இதுதான்: நூறு அனுப்பினேன், நூற்று மூன்று வந்தது, ஆகவே பச்சை. ஒரே மீனை இரண்டு தடவை எடை போட்டால் எங்கள் ஊரில் அதற்குப் பெயர் கள்ளக்கணக்கு. ஆவணத்தில் எழுதியிருந்தால் ஆவணமும் கள்ளக்கணக்கு.

தேவிபட்டினம் டீச்சர் | இரவு 10.01
எனக்கும் பச்சைதான் காட்டியது. நான் கேட்ட கேள்வி, சேதுபதி வீட்டில் பிறந்து சிவகங்கையை ஆண்டவர் யார் என்று. ஒருவரும் சொல்லாததால் விடையை நானே சொன்னேன். "வேலு நாச்சியார்" என்று நான் சொன்னது "வே... யார்" என்று போய்ச் சேர்ந்ததாம். நான் மறுபடி யார் என்று கேட்பதாக நினைத்து மூன்று பேர் மூன்று பெயர் சொன்னார்கள். ஹெட்செட் புதிது, கோடர் தம்பி. வாங்கி ஒரு வாரம்தான் ஆகிறது.

கீழக்கரை காக்கா | இரவு 10.08
துபாயில் இப்போது மணி எட்டரைதான், சாப்பிட்டுக்கொண்டே எழுதுகிறேன். டீச்சர் சொல்வதுதான் விஷயம். மைனஸ் மூன்றைத் தூக்கி அந்தப் பக்கம் வையுங்கள்.

அதே 3550 இன்னொன்றும் சொல்கிறது. தாமதமாக வந்த பாக்கெட்டும் வந்ததாகத்தான் கணக்கு. ஆனால் காதுக்கு அது உதவாது. ஜிட்டர் என்றால் பாக்கெட் ஒரே சீராக வராமல் முன்பின்னாக வருவது. அதைச் சமாளிக்கக் கேட்கிறவர் பக்கம் இருக்கும் ஜிட்டர் பஃபர் கொஞ்ச நேரம் காத்திருக்கும். அதற்குள் வராததன் இடத்தை முன்னால் வந்த குரலை வைத்து ஊகித்து நிரப்பிவிட்டு, பிறகு வருவதைத் தூக்கி எறிந்துவிடும். அதனால்தான் பக்கத்தில் இழப்பு பூஜ்யம், காதில் ஓட்டை. ஏலம் முடிந்த பிறகு வந்து சேர்ந்த பெட்டி மாதிரி. தம்பி, பிரவுசரே "கன்சீல்ட் சாம்பிள்ஸ்" என்று இன்னொரு எண்ணும் தருகிறது, இப்படி ஊகித்து நிரப்பியது எவ்வளவு என்று. மொத்தத்தில் அது எத்தனை சதவீதம் என்று காட்டு. பச்சையா சிவப்பா என்பதை அதை வைத்து முடிவு செய்.

வடகடல் வல்லம் | இரவு 10.11
காக்கா, ஏலம் முடிந்து வந்த பெட்டியை யாரும் எறிய மாட்டார்கள், கருவாட்டுக்குப் போகும். அது இருக்கட்டும். மைனஸ் மூன்றுக்கு இன்னும் பதில் இல்லை.

ஏர்வாடி எட்டாம் நம்பர் | இரவு 10.13
தடைக்காலம் 61 நாள். ஏலக்கூடத்தில் விசைப்படகு மீன் இல்லை, அண்ணனுக்கு எண்ணப் பெட்டி இல்லை, பாக்கெட்டை எண்ணுகிறார். ஜூன் 14 தாண்டினால் சரியாகிவிடுவார்.

வடகடல் வல்லம் | இரவு 10.15
நாட்டுப்படகுக்குத் தடை இல்லை என்பது ஏர்வாடிக்காரருக்குத் தெரியாது போலிருக்கிறது. இன்று காலையும் எழுதிவிட்டுத்தான் வந்தேன். எண்ணிக்கை சரியாக இருந்தது, மைனஸ் எதுவும் இல்லை.

குந்துகால் கோடர் | இரவு 10.20
அண்ணே, கடைசியாக ஒரு தடவை. அனுப்பியது எத்தனை என்று வாங்குகிறவனுக்குத் தெரியாது. ஒவ்வொரு பாக்கெட்டிலும் வரிசை எண் இருக்கும். முதலில் பார்த்த எண்ணையும் கடைசி எண்ணையும் வைத்து இத்தனை வந்திருக்க வேண்டும் என்று போடுவான். வரிசை எண் 65,535 வரை போய் மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும். நொடிக்கு 50 பாக்கெட் என்றால் 22 நிமிஷத்துக்குள் ஒரு சுற்று முடியும். அதையெல்லாம் சமாளித்துத்தான் இந்த எண் வருகிறது. ஒரு பாக்கெட்டில் 20 மில்லிசெகண்ட் குரல். உங்கள் மூன்று பாக்கெட்டும் சேர்ந்து 60 மில்லிசெகண்ட். கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. அதற்காக ஒரு இரவு வீணாகிறது.

வடகடல் வல்லம் | இரவு 10.24
60 மில்லிசெகண்டோ 60 ரூபாயோ, தப்பு தப்புதான். சின்னத் தொகை என்று விட்டுக்கொடுத்தவன் எவனும் ஏலக்கூடத்தில் நிலைத்ததில்லை. அனுப்பியது எத்தனை என்றே தெரியாமல் குறைந்தது எத்தனை என்று எழுதுகிறவர் எனக்குப் பாடம் எடுக்கிறார்.

தேவிபட்டினம் டீச்சர் | இரவு 10.27
பக்கத்தைப் பற்றி இன்னொன்று. இன்று எட்டு மணிக்கு அறையைத் திறந்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் நெட் போய்விட்டது. இழப்பு 412 என்று சிவப்பில் வந்தது. பத்து மணிக்கு எல்லாம் சரியாகியும் அதே 412, அதே சிவப்பு. யாருக்கு இப்போது பிரச்சினை, யாருக்கு அப்போது பிரச்சினை என்று எப்படித் தெரியும்?

கீழக்கரை காக்கா | இரவு 10.30
டீச்சர் பிடித்துவிட்டார். பிரவுசர் தருவது தொடக்கம் முதல் சேர்ந்துகொண்டே வரும் மொத்தம். ஒவ்வொரு நொடியும் முந்தைய எண்ணைக் கழித்தால்தான் இந்த நொடியில் என்ன நடந்தது என்பது தெரியும். தம்பி கழிக்காமல் விட்டுவிட்டார்.

குந்துகால் கோடர் | இரவு 10.33
கழிக்காமல் விடவில்லை. முழு வரலாறும் தெரிய வேண்டும் என்றுதான் அப்படி வைத்தேன்.

ஏர்வாடி எட்டாம் நம்பர் | இரவு 10.34
டீச்சர் வரலாற்று வகுப்பு எடுத்தாலும் இவ்வளவு வரலாறு வேண்டாம் தம்பி.

சரி, எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். கண்காணிப்பு, கண்காணிப்பு என்கிறீர்களே, யார் யாரைக் கண்காணிப்பது? இந்தக் கரையில் அந்த வார்த்தையைக் கேட்டாலே வயிற்றைக் கலக்குகிறது. நாங்கள் பேசுவதை உட்கார்ந்து கேட்கிறீர்களா?

குந்துகால் கோடர் | இரவு 10.38
பேச்சை யாரும் கேட்கவில்லை. பாக்கெட், தாமதம், ஜிட்டர், இவைதான் அந்தப் பக்கத்துக்கு வருகின்றன. குரல் எஸ்ஆர்டிபியாக, அதாவது பூட்டுப் போட்ட ஆர்டிபியாகப் போகிறது. நான் நினைத்தாலும் கேட்க முடியாது.

கீழக்கரை காக்கா | இரவு 10.41
இங்கே மட்டும் திருத்துகிறேன் தம்பி. இருவர் நேருக்கு நேர் பேசினால் நீ சொல்வது சரி. முப்பது பேர் அறையில் குரல் சர்வருக்குப் போய்த்தான் மற்றவர்களுக்குப் பிரிகிறது. அந்தப் பூட்டு சர்வர் வரைக்கும்தான். அங்கே திறந்து, மறுபடி பூட்டி அனுப்பும். நடுவழியிலும் திறக்காத பூட்டு வேண்டுமென்றால் அதைத் தனியாகப் போட வேண்டும். நீ போடவில்லை. கேட்பதில்லை என்று சொல், நம்புகிறேன். கேட்க முடியாது என்று சொல்லாதே.

வடகடல் வல்லம் | இரவு 10.43
ஆகா! இப்போது புரிகிறது. போன வருஷம் தடைக்காலம் முடிந்த வாரம் என்னை அறையிலிருந்து வெளியே தள்ளினார்களே, ஐஸ் கம்பெனிச் சத்தம் வருகிறது என்று. நான் வாயே திறக்கவில்லை. ஒட்டுக் கேட்காமல் அது எப்படித் தெரிந்தது?

குந்துகால் கோடர் | இரவு 10.44
மைக்கைத் திறந்து வைத்துவிட்டு ஐஸ் உடைக்கும் மெஷின் பக்கத்தில் நின்றீர்கள். அதைக் கேட்க ஒட்டு வேறு தேவையா? முப்பது பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

வடகடல் வல்லம் | இரவு 10.46
அன்றைக்கு அந்தச் சத்தம் ஒரு சொட்டு குறையாமல் போய்ச் சேர்ந்தது, இல்லையா? நேற்று டீச்சர் குரல் மட்டும் போகவில்லை. தென்கடல், அதுதான் மன்னார் வளைகுடா, பக்கம் உட்கார்ந்துகொண்டு பாக் விரிகுடா வடகடல்காரனை மட்டும் தள்ளத் தெரியும்.

ஏர்வாடி எட்டாம் நம்பர் | இரவு 10.48
சிக்னல் என்று பார்த்தால் தென்கடல் பக்கம்தான் மேல். வடகடல் பக்கம் தனுஷ்கோடிச் சாலையில் போனால் போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொண்டு வரவேற்புச் செய்தி அனுப்புகிறது. ஒருவேளை அந்த மூன்று பாக்கெட்டும் தலைமன்னாரில் இருந்து வந்ததோ என்னவோ.

வடகடல் வல்லம் | இரவு 10.50
தனுஷ்கோடிச் சாலைக்கு இரண்டு பக்கமும் கடல். ஒரு பக்கம் வடகடல், ஒரு பக்கம் தென்கடல். அது தெரியாதவர் சிக்னலைப் பற்றிப் பேசுகிறார். கச்சான் காற்று அடித்தால் உங்கள் தென்கடல் பக்கம் கரண்டே இருக்காது, அப்புறம்தானே சிக்னல்.

தேவிபட்டினம் டீச்சர் | இரவு 10.52
நான் வடகடல் கரையில்தான் இருக்கிறேன். என் குரல்தான் உடைந்தது. இதில் எந்தக் கடலுக்கு வெற்றி?

குந்துகால் கோடர் | இரவு 10.57
டீச்சர், உங்கள் பிங் நேற்று 170 மில்லிசெகண்ட். ஐடியு என்ற உலகத் தொலைத்தொடர்பு அமைப்பின் ஜி.114 பரிந்துரையில் ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பேச்சுக்குத் தொந்தரவில்லை, 400ஐத் தாண்டக் கூடாது என்று இருக்கிறது. பிங் என்பது போய்த் திரும்புவது. பாதி போட்டால் 85. அதனால்தான் பச்சை.

கீழக்கரை காக்கா | இரவு 11.00
85 என்பது கம்பியில் ஆகும் நேரம் மட்டும். ஜி.114 சொல்வது ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காது வரை. பஃபர் காத்திருப்பு, சர்வரில் இருந்து கேட்கிறவர் வரைக்குமான வழி, எல்லாம் அதில் சேரும். அதோடு 170 என்பது சராசரி. ஒன்று 90ல் வந்து அடுத்தது 400ல் வந்தாலும் சராசரி அழகாகத்தான் இருக்கும். மறுபடி சொல்கிறேன், கன்சீல்ட் சாம்பிள்ஸைக் காட்டு.

வடகடல் வல்லம் | இரவு 11.02
காக்கா ஊர் ஊராகச் சுற்றுகிறார். நான் ஒரே இடத்தில் நிற்கிறேன். மைனஸ் மூன்று.

குந்துகால் கோடர் | இரவு 11.20
எல்லாரும் பக்கத்தைப் புதுப்பித்துப் பாருங்கள். மைனஸ் வந்தால் இனி 0 என்றே காட்டும். ஆவணத்திலேயே இழப்பு விகிதத்துக்கு அந்த விதிதான், எதிர்மறையானால் பூஜ்யம். மொத்த எண்ணிக்கைக்கு மைனஸ் சரிதான் என்பதை இப்போதும் சொல்கிறேன். அண்ணன் தூங்க வேண்டுமே என்றுதான் மாற்றினேன்.

வடகடல் வல்லம் | இரவு 11.22
பார்த்தீர்களா! அழித்துவிட்டார்! சரியான கணக்கு என்றால் எதற்கு அழிக்க வேண்டும்? என்னிடம் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது.

குந்துகால் கோடர் | இரவு 11.23
மைனஸ் இருந்தால் தப்பு, எடுத்தால் அதைவிடத் தப்பு. என்னதான் வேண்டும் உங்களுக்கு?

வடகடல் வல்லம் | இரவு 11.24
அந்த மூன்று பெட்டியும் எங்கே என்று சொல்லுங்கள்.

கீழக்கரை காக்கா | இரவு 11.26
புதுப்பித்துப் பார்த்தேன். கன்சீல்ட் சாம்பிள்ஸ் இன்னும் வரவில்லை.

தேவிபட்டினம் டீச்சர் | இரவு 11.27
எனக்கு 412 இன்னும் சிவப்பில்தான் இருக்கிறது.

ஏர்வாடி எட்டாம் நம்பர் | இரவு 11.31
நாளை எட்டு மணி வகுப்பு உண்டா, இல்லையா? அதையாவது யாராவது சொல்லுங்கள்.

வடகடல் வல்லம் | இரவு 11.33
வகுப்பு நடக்கட்டும். நான் மைக்கைத் திறந்துதான் வைப்பேன்.